வயிற்றுப் பிள்ளைக்குத் தமிழ் கேட்கிறதா?

ரப்பரும் செம்பனையும் நின்ற செண்டாயானில் இன்று பண்டார் ஸ்ரீ செண்டாயான் நகரம் வளர்ந்துவிட்டது. தோட்டத்து லயத்திலிருந்து தாமான் வீடுகளுக்குக் குடியேறினாலும் நம்மவர்கள் ஏழாம் மாத வளைகாப்பை விடவில்லை. வளையல் அடுக்கிய பெண்ணிடம் யாராவது ஒரு பாட்டி அபிமன்யு கதையைச் சொல்லி, "பிள்ளைக்குக் காது கேட்கும், நல்லதைப் பேசும்மா" என்பார்.

காது விஷயத்தில் பாட்டி சொல்வது சரிதான். ஏறக்குறைய 25 வாரத்திற்குப் பிறகு கரு வெளிச் சத்தத்திற்கு அசைந்தோ, இதயத் துடிப்பு மாறியோ பதில் காட்டத் தொடங்குகிறது. ஆனால் வளையல் ஓசை போன்ற கீச்சொலிகள் வயிற்றுச் சுவரையும் பனிக்குட நீரையும் தாண்டும்போது மங்கிவிடும். தாழ்ந்த ஒலிகளே எளிதாகப் போகும். தாயின் குரலோ அவர் உடம்பின் வழியாகவும் சென்று சேர்கிறது. வளையலைவிட, வளையல் போட்டவரின் பேச்சுதான் பிள்ளைக்கு நன்றாகக் கேட்கிறது.

சொற்கள் தெளிவாக விழாது. ஏற்ற இறக்கமும் தாளமும் விழும். அதுவே போதும். பிறந்து 3 நாள்கூட ஆகாத குழந்தைகள் மற்றப் பெண்களின் குரலைவிடத் தாயின் குரலையே விரும்பியதை அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று காட்டியது. கர்ப்பத்தின் கடைசி 6 வாரங்களில் தாய் தினமும் வாய்விட்டு வாசித்த கதையைப் பிறந்த குழந்தை அடையாளம் கண்டதாக 1986இல் இன்னோர் ஆய்வு. பிரெஞ்சு, ஜெர்மன் குழந்தைகளின் அழுகை அவரவர் தாய்மொழியின் ஏற்ற இறக்கத்தை ஒத்திருந்ததை 2009இல் பதிவு செய்தார்கள்.

நம் வீடுகளுக்கு இது முக்கியம். தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு சேர்த்த பிறகு பிள்ளைக்குத் தமிழ் வரும் என்று நாம் இருந்துவிடுகிறோம். வேலை இடத்தில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம் என்று இருந்தால் பயமில்லை; தாய் பேசும் இரு மொழிகளையும் பிறந்த குழந்தையே பிரித்தறிகிறது. வீட்டில் பேசாத மொழிதான் அதற்குப் போய்ச் சேராது.

வயிற்றில் ஸ்பீக்கர் வைத்து மொசார்ட் இசை போடுவது தேவையில்லாத செலவு. 1993இல் அந்தப் பேச்சைக் கிளப்பிய ஆய்வு கல்லூரி மாணவர்கள் 36 பேரை வைத்துச் செய்தது. பலனும் சில நிமிடமே நின்றது. கருவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சமைக்கும்போது பாடலாம், பத்திரிகையை உரக்க வாசிக்கலாம். கணவர் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் மனைவியும் பேசுவார், அதுதான் லாபம்.

குரலுக்கு முன்னால் மூளை நன்றாக வளர வேண்டுமே. மூளையும் தண்டுவடமும் உருவாகும் நரம்புக்குழாய் கருத்தரித்த 4 வாரத்திற்குள் மூடிவிடுகிறது. பலருக்கு அப்போது கர்ப்பம் என்றே தெரியாது. எனவே ஃபோலிக் அமில மாத்திரையைக் குழந்தைக்குத் திட்டமிடும்போதே தொடங்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையைத் தேநீரோடு விழுங்குவது நம்மிடம் பரவலான பழக்கம்; தேநீர் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. தண்ணீரோடு சாப்பிட்டு, தேநீரை ஓரிரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். மதுவை அறவே தொடக்கூடாது. கணவர் சிகரெட்டை வீட்டுக்கு வெளியே மட்டுமல்ல, முழுதாகவே விட்டால் நல்லது.

28 வாரத்திலிருந்து பிள்ளையின் அசைவை எண்ணச் சொல்லித் தாதியர் அட்டவணை தருவார்கள். எண்ணும் நேரத்தில் கொஞ்சம் பேசிக்கொண்டும் இருக்கலாம். 12 மணி நேரத்தில் 10 அசைவுகூட வரவில்லை என்றால், மறுநாள் கிளினிக்குத் திறக்கட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.