சிலேட்டு

வேல்ஸ் பற்றிய ஒரு பயணக் கட்டுரையில் ‘சிலேட்டுகளைக் கப்பலேற்றிய ஊர்’ என்று படித்தேன். நமக்குச் சிலேட்டு என்றால் பள்ளிக்கூடம், பல்பம், எச்சில் தொட்டு அழிப்பது. மெனாய் நீரிணைக் கரையிலுள்ள வெலின்ஹெலி ஏற்றி அனுப்பியதோ டினார்விக் குவாரியில் பிளந்த கூரைக்கல். அந்தக் குவாரி 1969-இல் மூடப்பட்டது. பழைய பிரெஞ்சில் சில்லு, சிராய் என்ற பொருளில் இருந்த சொல்லிலிருந்தே ஆங்கில ‘ஸ்லேட்’ வந்தது. ஏடு ஏடாகப் பிளக்கும் கல்லுக்குப் பொருத்தமான பெயர்தான். ஊர்க்காரர்களின் வெல்ஷ் மொழியில் ‘லெக்’ என்றால் தட்டைக்கல். கற்திட்டையைக் குறிக்கும் ‘குரோம்லெக்’கிலும் அதே சொல்தான். கூரைக்கல்லின் அளவுகளுக்கு டச்சஸ், கவுண்டஸ், லேடி என்று பெயர் வைத்தார்களாம்! சீமாட்டிகளைக் கூரையேற்றிய குறும்பு யாருடையதோ. தமிழில் ‘கற்பலகை’ எழுதுபலகையையே நினைவூட்டுகிறது. ‘கல்லோடு’ என்றால் ‘கல்லுடன்’ என்று படித்துவிடுவார்கள். பாறையாக இருக்கும்வரை பலகைக்கல், கூரைக்குப் போனால் ஓட்டுக்கல் என்று நான் எழுதுவேன். சிலேட்டு பள்ளிக்கூடத்திலேயே இருக்கட்டும்.