‘420’: சட்டப் பிரிவெண் சொல்லான வரலாறு

பிறமொழிச் சொல் தமிழில் வந்து வழங்குதல் புதுமையன்று. சொல்லுக்கு மாறாக எண்ணே வந்து வழங்குதல் அரிது. தொல்லையைக் குறிக்கும் ‘ஏழரை’ சோதிட வழிப் பிறந்தது. ‘144’ ஆட்சி வழிப் பிறந்தது. ஏமாற்றுக்காரனைச் சுட்டும் ‘420’ என்பதும் ஆட்சி வழி வந்ததே. எனினும் அதனை ஊரறியச் செய்ததில் மும்பையின் செம்பூருக்குப் பெரும் பங்குண்டு.

இவ்வெண் குறிக்கும் குற்றத்தின் ஆங்கிலப் பெயர் ‘சீட்டிங்’. அதன் அடியாகிய ‘சீட்’, ‘எஸ்சீட்’ என்பதன் தலைக்குறை. ‘விழுதல்’ என்னும் பொருளுடைய இலத்தீன் வேரிலிருந்து பழைய பிரெஞ்சு வழி ஆங்கிலத்தில் புகுந்த அச்சொல், வாரிசின்றி இறந்தோர் நிலம் மேலுடைமையாளனையோ அரசனையோ சேர்தலைக் குறித்தது. அந்நிலத்தைக் கைக்கொள்ளச் சென்ற அலுவலர்களின் முறைகேட்டால் சொல் வஞ்சகப் பொருள் பெற்றது. முழுவடிவம் மட்டும் பழியின்றிப் பிழைத்தது. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 296ஆம் உறுப்பில் இன்றும் அது பழைய பொருளிலேயே நிற்கின்றது.

ஆங்கிலச் சொல் எடுத்துக்கொள்பவன் பக்கம் நின்று பிறந்தது. தமிழ்ச் சொல்லோ இழப்பவன் பக்கம் நிற்கின்றது. ‘ஏமாறு’ தன்வினை, ‘ஏமாற்று’ அதன் பிறவினை. இந்த நுட்பம் சட்டத்தோடு பெரிதும் ஒத்துச் செல்வது நோக்கத்தக்கது. உடையவன் இசைவின்றி எடுப்பது திருட்டு; உடையவனே நம்பித் தன் கையால் கொடுக்குமாறு செய்வது ஏமாற்று. மெக்காலே தலைமையிலான ஆணையம் 1837இல் வரைந்து, 1860இல் நிறைவேறி, 1862 சனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் ஏமாற்றுதலை 415ஆம் பிரிவில் வரையறுத்தது. ஏமாற்றிப் பொருளைக் கொடுக்கச் செய்தலுக்கு ஏழாண்டு வரை சிறையும் தண்டமும் விதித்தது 420ஆம் பிரிவு.

காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் புழங்கிய எண்ணைத் திரைப்படத் தலைப்பாக்கியது ராஜ் கபூரின் ‘ஸ்ரீ 420’ (1955). அவருடைய ஆர்.கே. பிலிம்ஸ் நிறுவனத்தின் படப்பிடிப்பு வளாகம் செம்பூரில் இருந்தது. 2017இல் தீவிபத்துக்குள்ளாகி 2019இல் விற்கப்பட்டது. நூறு ரூபாய்க்கு வீடு என்னும் உறுதியை நம்பி நடைபாதை மக்கள் தம் பணத்தைத் தாமே கொண்டுவந்து கொடுப்பது அப்படத்தின் கதை. 420ஆம் பிரிவுக்கு இதனினும் பொருந்திய எடுத்துக்காட்டைச் சட்ட உரையாசிரியரும் தந்துவிட முடியாது. குற்றப் பெயரின் முன் ‘ஸ்ரீ’ என்னும் மதிப்படை நின்றதும் கருதத்தக்கது: பிரிவெண் அங்கே ஆளின் பெயராகிவிடுகிறது.

மாட்டுங்காவின் அரோரா திரையரங்கில் தமிழ்ப்படமும் பிற அரங்குகளில் இந்திப்படமும் கண்ட மும்பைத் தமிழர்க்கு ‘சார் சௌ பீஸ்’, ‘போர்ட்வென்டி’ ஆகிய இரு வடிவங்களும் அயலல்ல. ‘அவ்வை சண்முகி’ (1996) இந்தியில் கமல்ஹாசன் இயக்கத்தில் ‘சாச்சி 420’ (1997) ஆனபோது எண் மீண்டும் தலைப்பேறியது. சட்டப்படி நோக்கின் அத்தலைப்புப் பிழையுடையது. ஆள்மாறாட்டத்தால் ஏமாற்றுதலுக்கு உரிய பிரிவு 419. ஆயினும் ‘சாச்சி 419’ எவர்க்கும் விளங்கியிராது. பிரிவின் எல்லையைக் கடந்து வஞ்சகம் அனைத்திற்கும் பொதுப்பெயராகிவிட்டது 420 என்பதற்கு இதுவே சான்று. நைசீரியாவில் இதே பணியைச் செய்யும் எண் அந்நாட்டுச் சட்டத்தின் 419 என்பது சுவையான தற்செயல்.

2024 சூலை 1 முதல் இந்தியாவில் இக்குற்றம் பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4)ஆம் பிரிவுக்கு உரியது. அதற்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்கே பழைய எண் பொருந்தும். அவ்வழக்குகளும் தீர்ந்தபின் சட்டத்தில் வேரில்லாத சொல்லாக 420 நிற்கும். ஆதலின் அகராதியாளர் பொருளோடு பிரிவையும் ஆண்டையும் குறித்தல் வேண்டும். இன்றேல் அடுத்த தலைமுறை அதற்குப் புனைகதை ஒன்றைக் கட்டிவிடும். அயலகத் தமிழர் வழக்கை ஆராய்வோர்க்கும் ஒரு குறிப்பு: மலேசிய, சிங்கப்பூர்த் தண்டனைச் சட்டங்களில் இக்குற்றம் 420 என்னும் எண்ணிலேயே உள்ளது. இலங்கையில் அதன் எண் 403. அங்கே 420 வழங்குமாயின் அது நீதிமன்றத்தின் வழி வந்ததாகாது.