அமெரிக்கத் தாய்மாரும் துரித உணவும்: நேரத்தின் வழியே ஒரு வரலாறு

துரித உணவு என்பது குறிப்பிட்ட சில பண்டங்களை மட்டும் ஒரே அளவிலும் ஒரே முறையிலும் சமைத்து, கேட்ட சில நிமிடங்களில் வாங்குபவர் கையில் கொடுத்துவிடும் கடைகளின் உணவைக் குறிக்கும். அமெரிக்காவில் இவ்வணிகத்தின் வரலாறு பெரும்பாலும் நிறுவனர்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. தாய்மார் அவ்வுணவை எப்போது, எதனால் அடிக்கடி உண்ணத் தொடங்கினர் என்று கேட்கும்போதுதான் அதற்குள் பெண்களின் நேரத்தைப் பற்றிய வரலாறு அடங்கியிருப்பது தெரியவருகிறது.

1921இல் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் தொடங்கப்பட்ட ஒயிட் காசில் கடைகளில், தொடக்கத்தில் உழைக்கும் ஆண்களே மலிவு விலையில் பசியாறினர். அரைத்த இறைச்சியின் தூய்மை குறித்து மக்களிடம் நிலவிய ஐயத்தைப் போக்க, அந்நிறுவனம் 1930களில் ‘ஜூலியா ஜாய்ஸ்’ என்ற புனைபெயரில் ஒரு பெண்ணை அமர்த்தி, மாதர் சங்கங்களுக்குப் பர்கர்களுடன் அனுப்பியதோடு, இல்லத்தரசிகளைக் கடைகளுக்கு அழைத்துவந்து சமையலைக் காட்டவும் செய்தது. தாய் இங்கு முதலில் உண்பவராக அன்றி, குடும்பத்திற்காகப் பை நிறைய வாங்கிச் செல்பவராகவே எண்ணப்பட்டார் என்பது கவனத்திற்குரியது. 1948இல் கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோவில் மெக்டொனால்டு சகோதரர்கள் தம் கடையை மாற்றியமைத்து, கார்களுக்கே உணவு கொண்டுசென்று கொடுத்த பணிப்பெண்களை நீக்கியபோதும், இளைஞர் கூட்டத்தைத் தவிர்த்துக் குடும்பங்களை ஈர்ப்பது அவர்கள் நோக்கங்களுள் ஒன்றாக இருந்தது.

உண்மையான திருப்பம் 1970களில் நேர்ந்தது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மாருள் 1975இல் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் உழைப்புச் சந்தையில், அதாவது வேலையிலோ வேலை தேடலிலோ, இருந்தனர். 2000ஆம் ஆண்டளவில் இப்பங்கு 70 விழுக்காட்டைக் கடந்தது. 1960களின் நடுவில் நாளொன்றுக்கு இரண்டு மணி நேரத்தை நெருங்கியிருந்த பெண்களின் சமையல் நேரம், 2007-08இல் ஒரு மணி நேரத்தைச் சற்றே கடந்த அளவுக்குச் சுருங்கியது. ஆண்களின் சமையல் நேரம் கூடியதென்றாலும், அக்கூடுதல் சில நிமிடங்களே ஆதலால் இவ்விடைவெளியை அது நிரப்பவில்லை. வெளியுணவு அவ்விடத்தைப் பிடித்ததைச் சோம்பல் என்று பழிப்பது, பணியிடத்தில் கூடிய பொறுப்புக்கு ஈடாக வீட்டில் சுமை போதிய அளவு பகிரப்படாததை மறைப்பதாகும்.

1975இல் மெக்டொனால்டு நிறுவனம் அரிசோனாவின் சியரா விஸ்டாவில் காரில் இருந்தபடியே உணவு வாங்கிச் செல்லும் தனது முதல் சாளரத்தைத் திறந்தது. அருகிலிருந்த படைமுகாமின் வீரர்கள் சீருடையுடன் காரைவிட்டு இறங்கக் கூடாது என்ற விதியே அதற்குக் காரணம். ஆயினும் பின்னிருக்கையில் உறங்கும் குழந்தையை எழுப்பாமல் உணவு வாங்க வேண்டிய தாய்க்கு அதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறில்லை. 1979இல் அந்நிறுவனம் நாடெங்கும் அறிமுகப்படுத்திய, பொம்மையுடன் கூடிய ‘ஹாப்பி மீல்’ என்ற சிறுவர் உணவு பிள்ளையின் விருப்பத்தையே அழைப்பாக்கியது. பிள்ளைக்கு வாங்கும் வேளையில் தமக்கும் வாங்குவதும், பிள்ளை மிச்சம் வைத்ததை உண்பதும் தாயின் உணவிலேயே சேரும்.

முந்தைய 24 மணி நேரத்தில் உண்டவற்றைக் கேட்டுப் பதியும் தேசிய ஆய்வுகளின்படி, 1977-78இல் அமெரிக்கரின் மொத்த ஆற்றலில், அதாவது கலோரியில், சுமார் 18 விழுக்காடாக இருந்த, துரித உணவையும் உள்ளடக்கிய வெளியுணவின் பங்கு 2005-08இல் சுமார் 32 விழுக்காடாயிற்று. 2013-16இல் ஏதேனும் ஒரு நாளில் துரித உணவு உண்ட பெண்கள் 35.4 விழுக்காடு. இக்கணக்கு தாய்மாரைத் தனியே பிரிப்பதில்லை எனினும், பிள்ளை வளர்க்கும் பருவத்தை உள்ளடக்கிய 20-39 வயதினரிடையே, இருபாலரையும் சேர்த்து, இப்பங்கு 44.9 விழுக்காடாகவும், 60 வயதைக் கடந்தோரிடம் 24.1 விழுக்காடாகவும் இருந்தது. ஏழ்மையே இவ்வழக்கத்தின் காரணம் என்ற பரவலான கருத்துக்கு மாறாக, வருமானம் உயர உயர இப்பங்கும் உயர்ந்தது. வயதுவந்தோரின் ஆற்றலில் துரித உணவின் பங்கு 2013-14இல் இருந்த 14.1 விழுக்காட்டிலிருந்து 2021-23இல் 11.7 விழுக்காடாகக் குறைந்துள்ளதாயினும், 1970களுக்கு முந்தைய சமையல் நேரம் வீடுகளுக்குத் திரும்பிவிட்டதாக இச்சரிவைக் கொள்ள இடமில்லை.