திருமலைப் பாறையும் முழுப்பக்க விளம்பரமும்

ஆரணிக்குப் பட்டு வாங்க வர்றவங்க அப்படியே போளூர் பக்கம் வண்டியைத் திருப்பினா, வடமாதிமங்கலத்துக்கு அருகில் திருமலை. பதினாறடி நேமிநாதரையும் குகை ஓவியத்தையும் பார்த்துட்டுக் கிளம்பிடுவாங்க. நான் சொல்ல வந்தது அங்கே பாறையில் வெட்டி வெச்சிருக்கற ஒரு பழைய அரசு விளம்பரத்தைப் பற்றி :-)

ராஜேந்திர சோழனோட 13-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு அது (1025 வாக்கில்). முக்கால்வாசி மெய்க்கீர்த்திதான். எந்த நாட்டை ஜெயிச்சார், மழை ஓயாத வங்காளத்துல கோவிந்தசந்திரனை எப்படி ஓட விட்டார், மகிபாலன் கதி என்ன, கங்கை வரைக்கும் ஒரே அடுக்கு. விளம்பரம்னா இப்படி இருக்கணும்! ஆனா கடைசி சில வரிகளைப் பாருங்க. மல்லியூர் வணிகர் நன்னப்பய்யன் மனைவி சாமுண்டப்பை, இங்குள்ள குந்தவை ஜினாலயத்துக்கு நந்தா விளக்குக்கு 20 காசு, திருவமுதுக்கு 10 காசு கொடுத்தாங்க. புகழ் ராஜாவுக்கு, பணம் செட்டியார் வீட்டம்மாவுது. ரெண்டும் ஒரே கல்லுல இருக்கு.

இப்ப நம்ம காலத்துக்கு வருவோம். அரசு விளம்பரத்துல தலைவர் படம் போடறதைப் பற்றி 'காமன் காஸ்' அமைப்பு போட்ட வழக்கில், உச்ச நீதிமன்றம் 2014-ல் மாதவ மேனன் தலைமையில் குழு அமைச்சது. 2015 மே 13-ல் தீர்ப்பு: குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி, இவங்க படம் மட்டும் போடலாம், காந்தி மாதிரி மறைந்த தலைவர்களுக்குத் தடையில்லை. முதல்வர்கள் சும்மா இருப்பாங்களா? தமிழ்நாடு, கர்நாடகா, மேற்கு வங்கம்னு வரிசையா சீராய்வு கேட்டாங்க. மத்திய அரசும் கூடவே நின்னுச்சு. 2016 மார்ச் 18-ல் ஆளுநர், முதல்வர், அமைச்சர் எல்லார் படத்துக்கும் கதவு திறந்தாச்சு.

அதிகம் பேசப்படாத ஒரு விஷயம் இருக்கு. விளம்பரச் செலவுக்குத் தனியா தணிக்கை வேணும்னு மேனன் குழு கேட்டிருந்தது. ஏற்கெனவே தணிக்கை முறை இருக்கே, தேவையில்லைன்னு 2015 தீர்ப்பிலேயே அதை விட்டுட்டாங்க. என்னைக் கேட்டா, படத்தை விட இதுதான் முக்கியமா இருந்தது.

அதுக்கப்புறம் நடந்த சண்டையெல்லாம் முகத்துக்கும் பேருக்கும்தான். 2022-ல் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட் விளம்பரத்துல முதல்வர் படம் மட்டும் இருக்குன்னு வழக்கு. ஜனாதிபதி, பிரதமர் படமும் போடுங்கன்னு உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சொல்லிச்சு. ஆக, இருந்த ஒரு படம் மூணாச்சு! 2025-ல் 'உங்களுடன் ஸ்டாலின்' பேருக்கு சி.வி.சண்முகம் வழக்கு. சென்னை உயர் நீதிமன்றம் தடை விதிக்க, ஆகஸ்ட் 6-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து பண்ணி அவருக்கே 10 லட்சம் அபராதம் போட்டுச்சு.

டெல்லி மட்டும் கொஞ்சம் விதிவிலக்கு. அங்கே பேச்சு ரூபாய்க்கு வந்தது. விளம்பர விதியை மீறினதா ஆம் ஆத்மி கட்சிக்கிட்ட 97 கோடி வசூலிக்கச் சொல்லி 2017-ல் துணைநிலை ஆளுநர் உத்தரவு. 2023 ஜனவரியில் வட்டியோட 163.62 கோடிக்கு நோட்டீஸ்.

அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் தொகுதிக்கு மொத்தமா கடிதம் அனுப்பினா, 'இது மக்கள் வரிப்பணத்தில் அச்சானது'ங்கற மாதிரி ஒரு வரி அதிலேயே போட்டாகணும்னு விதி வெச்சாங்க. முகம் இருந்தாலும் பரவாயில்லை, காசு யாருதுன்னு தெரியுதே. இங்கே ஆரணிப் பட்டுல கூட விலைச்சீட்டு தொங்குது. முழுப்பக்க விளம்பரத்துக்கு அடியில் இருக்கறது பொடி எழுத்துல ஒரு வெளியீட்டு எண் மட்டும். எவ்வளவுன்னு தெரியணும்னா எந்தப் பேப்பர், என்ன தேதின்னு எழுதி, 10 ரூபாய்க்கு கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்துல மனு போடணும். அந்தப் பத்து ரூபாயும் நம்மளுதுதான்.