விசாரித்துவிட்டுத்தான் வழக்கா?

ஊருக்கு ஊர் மக்கள் எங்களிடமும் வழக்கறிஞர்களிடமும் கேட்பது இதுதான்: "வன்கொடுமைப் புகார் கொடுத்தோம். விசாரித்துவிட்டுத்தான் எஃப்.ஐ.ஆர். போடுவோம் என்கிறார்களே, சரியா?"

சரியல்ல. இந்தப் பதிலைப் போராடித்தான் பெற்றோம்.

1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 18ஆம் பிரிவு முன்ஜாமீனைத் தடுத்தது. 2018 மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம், சட்டம் தவறாகப் பயன்படுத்தப்படுகிறது என்று சொல்லி, எஃப்.ஐ.ஆருக்கு முன் முதற்கட்ட விசாரணை நடத்தலாம் என்றது. கைதுக்கும் முன்அனுமதி கேட்டது. ஏப்ரல் 2 அன்று நாடெங்கும் தலித் மக்கள் தெருவில் இறங்கினோம், உயிர்களையும் இழந்தோம். அந்த ஆகஸ்டிலேயே நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்தது: முதற்கட்ட விசாரணையும் வேண்டாம், முன்அனுமதியும் வேண்டாம். 2020 பிப்ரவரி 10 அன்று உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது.

தோழர்களே, வெறும் சி.எஸ்.ஆர். ரசீதோடு யாரையும் திரும்ப விடாதீர்கள். 18ஏ பிரிவைச் சொல்லுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம்; கேட்டு வாங்குவோம்.