நின்னு கட்டின வீடும் ஒரு பெர்மிட்டும்

நம்ம ஊரில் வீடு கட்டினவர்களிடம் "யார்கிட்ட விட்டீங்க?" என்று கேட்டால் இரண்டில் ஒரு பதில்தான் வரும். ஒன்று, "காண்ட்ராக்ட் விட்டாச்சு." இன்னொன்று, "நானே நின்னு கட்டினேன்." இந்த 'நின்னு'க்குள் எவ்வளவு இருக்கு பாருங்க. சிமெண்ட் மூட்டையை எண்ணி இறக்குவது, கம்பி எடை போடும்போது பக்கத்தில் நிற்பது, சனிக்கிழமை சாயங்காலம் கூலி பட்டுவாடா, சென்ட்ரிங் பிரிக்கிற வரைக்கும் தூக்கம் கெடுவது. அவர் தன் கையால் ஒரு செங்கல் வைத்திருக்க மாட்டார். ஆனாலும் கட்டினது அவர்தான்.

ஆஸ்திரேலியாவில் இந்த ஆளுக்கு 'ஓனர் பில்டர்' என்று பெயர். அங்கே அது பேச்சுவழக்கு மட்டும் இல்லை, சட்டத்தில் இருக்கிற பதவி. சிட்னி இருக்கிற நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், திட்ட அனுமதி தேவைப்படும் வேலையின் மதிப்பு கூலியும் பொருளும் சேர்த்து 10,000 டாலருக்கு மேல் போனால், அதை நீங்களே நின்று நடத்த ஒரு பெர்மிட் வாங்கணும். 20,000 டாலரைத் தாண்டினால் அதுக்கு முன்னாடி ஒரு பயிற்சியும் முடிக்கணும். கட்டுமான இடத்துப் பாதுகாப்புக்கான 'ஒயிட் கார்டு' தனி. சொந்த நிலம், சொந்தக் காசு, இதுக்குப் பாடம் வேறா என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். அந்தக் கேள்வியோடு இந்தப் பெர்மிட்டின் கதையைப் பின்னாடி தேடிப் போனதில் சேர்ந்த குறிப்புகள் இவை.

கதை இரண்டாம் உலகப் போரின் கடைசியில் தொடங்குது. 1944-இல் அந்நாட்டின் வீட்டுவசதி ஆணையம் போட்ட கணக்குப்படி 3 லட்சம் வீடுகள் பற்றாக்குறை. நாட்டின் மொத்த மக்கள்தொகையே அப்போது எழுபது லட்சத்துச் சொச்சம்தான். போருக்குப் போன பையன்கள் திரும்பி வந்து கல்யாணம் பண்ணிக்கிறாங்க, குழந்தை பிறக்குது, தங்க இடமில்லை. கட்டித் தர ஆளும் இல்லை, பொருளும் இல்லை. அப்புறம் என்ன, அவங்களே கட்ட ஆரம்பிச்சாங்க. 1950களின் தொடக்கத்தில் அங்கே எழுந்த புது வீடுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இப்படி உரிமையாளர்களே கட்டினவை.

வழக்கமான வரிசை இது: முதலில் மனையின் பின்பக்கம் ஒரு ஷெட் அல்லது கராஜ். குடும்பம் அதில் குடியேறும். பிறகு முன்பக்கம் வீடு, கையில் காசு சேரச் சேர, அறை அறையாக. 1948 ஜனவரி 1 முதல் வாரத்துக்கு 40 மணிநேர வேலை என்று ஆனது. அதனால் பலருக்குச் சனிக்கிழமை முழுசாகக் கிடைத்தது. புறநகர் ஆஸ்திரேலியாவில் பெரும்பகுதி அந்தச் சனிக்கிழமைகளில் கட்டப்பட்டது என்று நான் சொல்லுவேன்.

அன்றைக்கும் பெர்மிட் இருந்தது. ஆனால் அது வேற பெர்மிட். செங்கல், ஓடு, ஆணி வரைக்கும் தட்டுப்பாடு. ஆகவே யாருக்கு எவ்வளவு என்று பங்கிடுவதற்கான சீட்டு அது. வீட்டின் அளவுக்கும் வரம்பு உண்டு. விக்டோரியாவில் மரவீடு என்றால் சுமார் 12 'ஸ்கொயர்'. ஒரு ஸ்கொயர் 100 சதுர அடி. நம்ம மேஸ்திரிகள் இன்னைக்கும் "சதுரத்துக்கு இவ்வளவு" என்று ரேட் பேசுறாங்களே, அதே சதுரம். வெள்ளைக்காரன் இரண்டு ஊருக்கும் ஒரே அளவுகோலைக் கொடுத்துட்டுப் போயிருக்கான்! நகராட்சி பிளானைப் பார்த்தது. கட்டப்போகிறவருக்குக் கட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கலை.

பயிற்சிக்கு என்ன செய்தாங்க? இங்கேதான் எனக்குப் பிடித்த ஒரு விஷயம் வருது. மெல்பர்னின் 'தி ஏஜ்' நாளிதழும் அந்த மாநிலக் கட்டடக் கலைஞர்களின் சங்கமும் சேர்ந்து 1947-இல் 'சிறு வீடுகள் சேவை' என்று ஒன்றைத் தொடங்கின. ராபின் பாய்ட் என்ற இளம் கட்டடக் கலைஞர் அதன் இயக்குநர். பேப்பரில் வாராவாரம் எழுதினார்: ஜன்னல் எந்தத் திசையில் இருக்கணும், சின்ன வீட்டில் இடத்தை எப்படி மிச்சம் பிடிக்கலாம் என்கிற மாதிரி. பிடித்த டிசைனுக்கு 5 பவுண்டு கொடுத்தால் முழு வரைபடமும் பொருள் விவரமும் கையில் கிடைக்கும். ஏறக்குறைய ஒரு வார அடிப்படைக் கூலி அது. கட்டடக் கலைஞரை நினைச்சுக்கூடப் பார்க்க முடியாத குடும்பங்களுக்கு அந்த 5 பவுண்டுதான் பள்ளிக்கூடம். யாரும் கட்டாயப்படுத்தலை, சான்றிதழும் கிடையாது.

சிட்னியின் மேற்கே கதை இன்னொரு பொருளைச் சுற்றி ஓடியது. பெயர் ஃபைப்ரோ. சிமெண்டோடு ஆஸ்பெஸ்டாஸ் நாரைக் கலந்து தட்டின பலகை. மலிவு, எடை குறைவு, கரையான் அரிக்காது, தீப்பிடிக்காது. முக்கியமாக, கையாலேயே வெட்டலாம், மரச்சட்டத்தில் ஆணி அடிச்சு மாட்டலாம். சனிக்கிழமைக் கொத்தனாருக்கென்றே செய்தது போல. அப்பா அறுப்பார், அம்மா பிடிப்பார், பிள்ளைகள் துண்டுகளோடு விளையாடும். அந்தத் தூசியில் என்ன இருக்குன்னு அந்தக் குடும்பங்களுக்கு யாரும் சொல்லலை. நுரையீரலின் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் வெளியே தெரிய இருபது, முப்பது, நாற்பது வருஷம்கூட ஆகும். ஆஸ்பெஸ்டாஸுக்கு அந்த நாட்டில் முழுத் தடை வந்தது 2003 டிசம்பர் 31-இல்தான். மேற்கு ஆஸ்திரேலியாவின் நோய்ப் பதிவேட்டை வைத்து 2011-இல் வெளியான ஒரு மருத்துவ ஆய்வு, வீட்டைப் பழுதுபார்க்கும்போதும் மாற்றிக் கட்டும்போதும் தூசியைச் சுவாசித்தவர்களிடம் இந்த நோய் கூடிக்கொண்டு வருவதைக் காட்டியது. சுரங்கத் தொழிலாளி இல்லை, ஆலைத் தொழிலாளி இல்லை, தன் வீட்டுச் சுவரைத் தானே இடிச்சவர்.

இனி சட்டத்துக்கு வரலாம். இதை வேகமாகவே சொல்லிடறேன். நியூ சவுத் வேல்ஸில் 1971-இல் பில்டர்களுக்கு லைசென்ஸ் சட்டம் வந்தது. இன்று நடப்பில் இருப்பது 1989-இன் வீட்டுக் கட்டுமானச் சட்டம். பில்டர் செத்துப்போனாலோ, ஓடிப்போனாலோ, திவாலானாலோ வீட்டுக்காரருக்கு ஈடு தர ஒரு காப்பீடும் உண்டு. 1990களின் கடைசியில் அந்தக் காப்பீட்டைத் தனியாருக்கு விட்டார்கள். அதில் பெரிய பங்கு வைத்திருந்த எச்.ஐ.எச். நிறுவனம் 2001 மார்ச்சில் கவிழ்ந்தது. அரை வீட்டோடு நின்ற குடும்பங்களுக்காக அரசே இறங்க வேண்டியதாப் போச்சு.

லைசென்ஸ் என்று ஒன்று வந்துவிட்டால், லைசென்ஸ் இல்லாதவன் ஒரு சந்து தேடுவான் இல்லையா? அந்தச் சந்துதான் ஓனர் பில்டர் பெர்மிட். "சார், நீங்க உங்க பேர்ல பெர்மிட் எடுத்துடுங்க, வேலையெல்லாம் நான் பார்த்துக்கறேன், செலவும் குறையும்" என்று ஒருத்தர் வருவார். கையெழுத்து உங்களுடையது. சாரம் சரிஞ்சு ஆள் விழுந்தால் பொறுப்பு யாருடையது? சுவர் விரிசல் விட்டால்? காகிதப்படி பில்டர் நீங்கதான். பெர்மிட் எடுக்கச் சொல்லும் காண்ட்ராக்டரிடம் ஜாக்கிரதையாக இருங்கள் என்று அரசுத் துறையே எச்சரிக்குது. ஒருவருக்கு ஐந்து ஆண்டில் ஒரு பெர்மிட்தான், அந்த வீட்டில் அவர் குடியிருக்கணும் என்ற விதிகளும் இதே காரணத்துக்குத்தான்: வீடு கட்டிக் கட்டி விற்கிறவர் 'சொந்த வீடு' என்று சொல்லித் தப்பிக்கக் கூடாது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தப் பயிற்சியின் பாடங்களைப் பார்த்தால் கதை தெளிவாகும். கலவை எப்படிப் போடுவது, ரசமட்டம் எப்படிப் பிடிப்பது என்பதெல்லாம் அதில் முக்கியமில்லை. ஒப்பந்தம், காப்பீடு, வேலையாட்களின் பாதுகாப்பு, வேலைகளின் வரிசை, யாருக்கு லைசென்ஸ் இருக்கணும் (கரண்ட், பிளம்பிங், கேஸ் வேலைக்குத் தொகை எவ்வளவானாலும் கட்டாயம்). ராபின் பாய்ட் நல்ல வீடு எது என்று சொல்லிக்கொடுத்தார். இன்றைய கோர்ஸ், நீங்க எதில் கையெழுத்துப் போடுறீங்க என்று சொல்லிக்கொடுக்குது. பாய்டின் பாடம்தான் எனக்கு ருசி. ஆனால் கோர்ஸ் தேவையில்லை என்று என்னால் சொல்ல முடியலை.

ஒரு விஷயம்தான் உறுத்துது. 2015 ஜனவரியிலிருந்து ஓனர் பில்டர் தான் செய்த வேலைக்கு அந்தக் காப்பீட்டை எடுக்கவே முடியாது. சொந்த வீட்டில் தனக்கே யாரும் ஓடிப்போக முடியாது என்பது புரியுது. ஆனால் அடுத்து அந்த வீட்டை வாங்குகிறவர்? பெர்மிட் கிடைத்த நாளிலிருந்து ஏழரை ஆண்டுக்குள் விற்றால், இது ஓனர் பில்டர் கட்டியது, காப்பீடு கிடையாது என்று விற்பனை ஒப்பந்தத்திலேயே எச்சரிக்கை எழுதணும். ஏழரை! நம்மாட்கள் சனியைத்தான் நினைப்பாங்க. காப்பீட்டுக்குப் பதிலாக வாங்குகிறவருக்குக் கிடைப்பது அந்த ஒரு வரிதான். பணம் இல்லாததால் நின்று கட்டியவர், அந்த வரியினாலேயே விலையைக் குறைத்து விற்க வேண்டியும் வரலாம்.

தமிழ்நாடு 2024 ஜூலையில் எதிர்ப்பக்கமாக ஒரு அடி வைத்தது: 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்றின் பேரில் இணையத்தில் உடனடி அனுமதி. நடையாய் நடந்தவர்களுக்கு அது பெரிய விடுதலைதான். நின்று கட்டப்போகிறவருக்கு எதையாவது சொல்லிக்கொடுக்கும் ஏற்பாடு அதில் இல்லை.

சிட்னியில் தமிழர்கள் நிறைய இருக்கிற வென்ட்வொர்த்வில், டூங்காபி, பெண்டில் ஹில் பக்கம் பழைய ஃபைப்ரோ வீடுகள் ஒவ்வொன்றாக இடிபட்டு மாடி வீடாகின்றன. 1950களில் ஒரு குடும்பம் சனிக்கிழமைகளில் அடித்த பலகையை இன்றைக்கு இன்னொரு குடும்பம் கழற்றுது. உதிராத நிலையில் இருக்கும் ஆஸ்பெஸ்டாஸ் பலகையில் 10 சதுர மீட்டர் வரைதான் லைசென்ஸ் இல்லாமல் எடுக்கலாம். நம்ம கணக்கில் ஒரு சதுரத்துக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். ஒரு அறையின் ஒரு பக்கச் சுவர். மீதிக்கு லைசென்ஸ் உள்ளவரைத்தான் கூப்பிடணும். பெர்மிட் எடுக்க நினைக்கிறவங்க அந்தச் செலவை முதல் பக்கத்திலேயே எழுதிக்கோங்க.