டோலி தூக்கியவர் பெயர் என்ன?



என்னிடம் ஐந்தாம் வகுப்புப் படித்த பிள்ளைகள் நான்கு பேர் வரும் செப்டம்பரில் இமயமலைக்கு நடைப்பயணம் போகிறார்கள். திட்டத்தை எழுதி வாட்ஸ்அப்பில் எனக்கும் அனுப்பியிருந்தார்கள். ஷூ, ஜாக்கெட், மாத்திரை எல்லாம் வரிசையாக இருந்தது. ரொம்ப மகிழ்ச்சி. கடைசி வரிதான் உறுத்தியது: "சுமை தூக்க ஆள் ஒருவர் போதும். பேரம் பேசிக் குறைக்கலாம்." அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாகப் படியுங்கள்.

இமயத்துக்குத் திட்டம் போட்டுக் கிளம்பிய கதை சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. கண்ணகிக்குச் சிலை வடிக்கக் கல் வேண்டும். பொதிகையில் எடுக்கலாம் என்றும் யோசனை வருகிறது. சேரன் செங்குட்டுவன் இமயம்தான் என்று கிளம்புகிறான். நீலகிரியில் தங்கி, கங்கையைப் படகில் கடந்து, போய்த் திரும்ப 32 மாதம். கல்லைத் தலையில் சுமந்து வந்தவர்கள் கனகனும் விசயனும். அவர்கள் தோற்ற அரசர்கள், அதனால் பெயர் நமக்குத் தெரிகிறது. படையோடு அரிசியும் கூடாரமும் சுமந்து போனவர்கள் யார்? தெரியாது. நம் மாவட்டத்துக் கூடலூர் மலைமேல் உள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குச் சித்திரா பௌர்ணமியில் ஏறும்போதெல்லாம் இது எனக்கு நினைவு வரும்.

சரி, நம் வாசலுக்கு வருவோம். காட்ரோட்டில் பிரிந்து கொடைக்கானல் போகும் பஸ்ஸைத் தினமும் பார்க்கிறோம். அந்த மலைச்சாலை முதல் உலகப்போர்க் காலத்தில்தான் போக்குவரத்துக்கு வந்தது. அமைத்த மேஜர் லா என்பவர் பெயர் இன்றும் அதற்கு உண்டு. அதற்கு முன் மலையேறும் வழி பெரியகுளம் பக்கம். 1821-இல் லெப்டினன்ட் வார்டு வெள்ளகவி வழியாக ஏறி மலையை அளந்தார். 1834-இல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள் வெயிலிலும் நோயிலும் பலரை இழந்து, 1845-இல் கொடைக்கானலில் இரண்டு பங்களா கட்டினார்கள். 1863-இல் கலெக்டர் லெவிஞ்ச் ஏரியை உருவாக்கினார். படகு தூத்துக்குடியில் இருந்து வந்தது என்பார்கள். வண்டிச்சாலை இல்லாத காலம். அது எப்படி மலையேறியிருக்கும்? நீங்களே யோசியுங்கள்.

1875-இல் அம்மையநாயக்கனூருக்கு ரயில் வந்தது. அங்கிருந்து மாட்டுவண்டியில் பெரியகுளம் அருகே கிருஷ்ணம நாயக்கன் தோப்பு. அதற்கு மேல் குதிரை, நடை, இல்லாவிட்டால் டோலி. துரையும் துரைசாணியும் நாற்காலியில் உட்கார, கழியைத் தோளில் வைத்து ஆட்கள் மாறி மாறித் தூக்குவார்கள். 7,000 அடி உயரத்துக்கு!

என் அப்பத்தாவின் அப்பா அப்படி டோலி தூக்கியவர். "எங்கய்யா தோள்ல காய்ப்பு, கல்லு கணக்கா இருக்கும்டா" என்று அப்பத்தா சொல்லும். கோக்கர், லெவிஞ்ச், லா என்று எல்லார் பெயரையும் வகுப்பில் சொல்லிக் கொடுத்தேன். அவர் பெயரை அப்பத்தாவிடம் கேட்டு வைக்கவில்லை. அப்பத்தா போய் நாற்பது வருஷம் ஆகிவிட்டது.

இமயத்திலும் இதே கதைதான். 1922-இல் ஆங்கிலேயர் எவரெஸ்ட் ஏற முயன்றபோது பனிச்சரிவில் இறந்த ஏழு பேரும் சுமை தூக்க வந்தவர்கள். 1953 மே 29-இல் ஹிலாரியோடு உச்சியில் நின்ற டென்சிங், 1935-இல் சுமைக்காரராகச் சேர்ந்தவர். சுமைக்காரர் பெயரை உலகம் தெரிந்துகொள்ள அவரே உச்சிக்கு ஏற வேண்டியிருந்தது.

ஆபத்து என்றால் முதலில் ஓடி வருவதும் மலைக்காரர்கள்தான். 2018 மார்ச் 11 குரங்கணி காட்டுத்தீயை நாம் மறக்க முடியுமா? 23 உயிர்கள் போயின. அன்று முதலில் மேலே ஓடியவர்களில் அந்த அடிவாரத்து ஊர்க்காரர்கள் இருந்தார்கள்.

ஆகவே தம்பிகளா, திட்டத்தைத் திருத்துங்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனால் இரவு தங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். நம் கொடைக்கானலே 2,100 மீட்டர்தான். "வேண்டாம், இறங்குவோம்" என்று வழிகாட்டி சொன்னால் இறங்கிவிடுங்கள். நால்வருக்கு இரண்டு ஆளாவது வையுங்கள். அவர்களுக்கும் ஷூ, கம்பளி, காப்பீடு உண்டா என்று பணம் கட்டும் முன்பே கேளுங்கள். கூலியில் பேரம் வேண்டாம். குறைகிற பணத்தை நான் தருகிறேன்.

திரும்பி வந்ததும் போட்டோவோடு அவர்கள் பெயரையும் எனக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். இது வீட்டுப்பாடம்.

பெரியகுளத்துச் சொந்தங்களில் யாருக்காவது டோலி தூக்கிய எங்கள் பாட்டனார் பெயர் தெரிந்தால், தயவுசெய்து எனக்குப் போன் போட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர், கெங்குவார்பட்டி